சல்லடையில் தங்கியவர்கள்

பாலியல் குற்றச் செய்தி எதுவானாலும் நம் நாளிதழ்த் தலைப்புகளில் தவறாமல் ஏறிக்கொள்ளும் ஒரு சொல், ‘காமக்கொடூரன்’. கைதானவர் பள்ளி வேன் ஓட்டுநராக இருக்கலாம், டியூஷன் வாத்தியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தாத்தாவாகவும் இருக்கலாம். நேற்று வரை தெருவில் எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் காலைப் பேப்பரில் வேறொரு ஜீவராசி ஆகிவிடுகிறார். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஓர் உளவியல் கொள்கையே அடங்கியிருக்கிறது: இந்தக் குற்றத்தைச் செய்கிறவன் மற்ற ஆண்களிலிருந்து அடியோடு வேறுபட்டவன், அந்த வேறுபாடு அவன் மனத்தில் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது, தேடினால் அகப்படும். இதைச் சோதித்துப் பார்க்க உளவியலாளர்களுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே மதிலுக்குள் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் எங்கும் போகமாட்டார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கையில் நேரம் உண்டு. ஆகவே ஆய்வாளர்கள் சிறைக்குப் போனார்கள். அரை நூற்றாண்டாகப் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த முடிவுகளைவிட, அந்த முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் சிக்கலான கேள்வி என்பது என் கருத்து.

அமெரிக்க உளவியலாளர் நிக்கோலஸ் குரோத் 1979-இல் வெளியிட்ட நூல் இந்தத் தேடலின் முதல் பெரிய அறுவடை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட குற்றவாளிகளோடு பழகி ஆராய்ந்தவர் அவர். வல்லுறவில் காமத்தைவிட அதிகாரமும் ஆத்திரமும்தான் முன்னால் நிற்கின்றன என்றார். அதிகாரத்துக்காகச் செய்கிறவர்கள், ஆத்திரத்தில் செய்கிறவர்கள், அடுத்தவர் வலியில் இன்பம் காண்கிறவர்கள் என்று மூன்று வகை பிரித்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் இருந்த சிகிச்சை மையத்தில் ரேமண்ட் நைட்டும் ராபர்ட் பிரென்ட்கியும் இதே வேலையைப் புள்ளியியல் துணையோடு செய்தார்கள். அவர்களுடைய பகுப்பு திருத்தத்துக்கு மேல் திருத்தம் கண்டு, 1990 வாக்கில் ஒன்பது வகைகளில் வந்து நின்றது. ஒரு முகத்தைத் தேடிப் போனவர்கள் ஒன்பது முகங்களோடு திரும்பினார்கள் என்று சொல்லலாம். ‘பைத்தியம்தான் காரணம்’ என்ற எளிய விடையும் நிற்கவில்லை. நிஜம் எது, பிரமை எது என்று தெரியாத அளவுக்கு மனநோய் முற்றிய நிலையில் வல்லுறவில் ஈடுபட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்று ஜீன் ஏபெலின் குழு 1980-இலேயே கணக்குச் சொல்லிவிட்டது.

சமூகவியலாளர் டயானா ஸ்கல்லி வேறு மாதிரிக் கேள்வியோடு வர்ஜீனியா மாநிலச் சிறைகளுக்குள் போனார். வல்லுறவுக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற 114 பேரைப் பேட்டி கண்டார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குற்றங்களுக்காக உள்ளே இருந்த 75 கைதிகளையும் சேர்த்துக்கொண்டார். இவர்கள் மனத்தில் என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை. செய்ததை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்தார். 114 பேரில் 47 பேர் ‘ஆமாம், செய்தேன்’ என்றார்கள். 32 பேர் உறவு நடந்தது உண்மை, ஆனால் அது வல்லுறவு ஆகாது என்றார்கள். மற்றவர்கள் அந்தப் பெண்ணுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். முதல் இரு கூட்டமும் மதுவைப் பற்றிப் பேசிய விதம் கூர்ந்து பார்க்கத் தக்கது. ஒப்புக்கொண்டவர்கள் தங்கள் குடியைச் சாக்குச் சொன்னார்கள்: போதை, அதனால் நிதானம் தவறிவிட்டது. மறுத்தவர்கள் அந்தப் பெண் குடித்திருந்ததைச் சொன்னார்கள்: குடிக்கிற பெண், அப்புறம் என்ன? ஒரே பாட்டில்தான், யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்துப் பழி இடம் மாறிக்கொண்டது. ‘வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம்’, ‘அவள்தான் தூண்டினாள்’, ‘நல்ல பெண் அந்த நேரத்தில் அங்கே ஏன் போகிறாள்’ என்பவைதான் மறுத்தவர்களின் மற்ற வாதங்கள். இவற்றில் ஒன்றுகூடச் சிறைக்குள் விளைந்ததில்லை. டீக்கடை பெஞ்சிலும் சினிமாவிலும் குடும்ப விசேஷங்களிலும் புழங்கும் பேச்சுத்தான் கைதியின் வாயிலிருந்தும் வந்தது என்பது ஸ்கல்லி கண்ட உண்மை.

இங்கே ஒரு தடை எழ வேண்டும். சிறையில் இருப்பவர்களைக் கேட்டு எழுதியதெல்லாம் பாலியல் குற்றவாளிகளைப் பற்றிய உண்மையா, பிடிபட்டவர்களைப் பற்றிய உண்மையா? மாவு சலிக்கும்போது நைசானது கீழே இறங்கிவிடும், கப்பி சல்லடையில் தங்கும். கப்பியை மட்டும் அள்ளிப் பார்த்துவிட்டு அரைத்த மாவெல்லாம் கொரகொரப்பு என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் சிறை ஆய்வில் நடப்பது இதுதான். சலிப்பதும் ஒரு முறையோடு நிற்பதில்லை. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் எவரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். அந்த உதவியும் பெரும்பாலும் பிறந்த வீட்டோடு நின்றுவிடும். காவல் நிலையப் படியேறுகிறவர்கள் சொற்பம். படியேறினாலும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், போட்ட பிறகு ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வராமல் இருக்க வேண்டும், சாட்சி பிறழாமல் இருக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் பதிவான வல்லுறவு வழக்குகள் 31,677. அவற்றில் ஏறக்குறைய 96 சதவீதத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். தெரிந்தவர் மீது புகார் கொடுப்பது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் பதிவான வழக்குகளில் இந்த விகிதம். விசாரணை முடிந்த வழக்குகளில் தண்டனை விகிதம் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் முப்பது சதவீதத்துக்குக் கீழேதான்.

இத்தனை சல்லடைகளையும் தாண்டித் தண்டனைக் கைதியாகச் சிறையில் வந்து சேர்கிறவர் யார்? நல்ல வக்கீல் வைக்க வசதியில்லாதவர், சாட்சியை விலைக்கு வாங்க முடியாதவர், முன்பே போலீஸ் பதிவேட்டில் பெயர் உள்ளவர், தடயத்தை மறைக்கும் சாமர்த்தியம் இல்லாதவர் ஆகியோருக்கு இங்கே வாய்ப்பு அதிகம். ஆய்வாளர் மதுமிதா பாண்டே 2013-இல் தொடங்கி டெல்லி திகார் சிறையில் ஏறத்தாழ நூறு வல்லுறவுக் கைதிகளைச் சந்தித்தார். அரக்கர்களை எதிர்பார்த்துப் போனவருக்கு அகப்பட்டவர்கள் சாதாரண ஆட்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள். இதைப் படிக்கிறவர் படிப்பில்லாமைதான் குற்றத்துக்குக் காரணம் என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடும். அந்தத் தாவலைத்தான் தடுக்க வேண்டும். படிப்பில்லாமை குற்றம் செய்ய வைத்ததா, செய்த குற்றத்திலிருந்து தப்ப முடியாமல் வைத்ததா என்பதைச் சிறைக்குள் இருந்துகொண்டு சொல்ல முடியாது.

சொல்வதற்கு மதிலுக்கு வெளியே வர வேண்டும். அமெரிக்காவில் மேரி காஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வு 32 கல்லூரிகளில் 6,159 மாணவ மாணவியரிடம் நடத்தப்பட்டது. அந்த வினாத்தாளின் சாமர்த்தியம் அது தவிர்த்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘நீங்கள் எப்போதாவது வல்லுறவு செய்ததுண்டா’ என்று கேட்டால் எவனும் ஆம் என்று எழுதமாட்டான். அதற்குப் பதில், ஒரு பெண் விரும்பாதபோது கையை முறுக்கியோ அழுத்திப் பிடித்தோ உறவு கொண்டதுண்டா என்று செயலை மட்டும் விவரித்துக் கேட்டார்கள். குற்றத்தின் பெயரை எடுத்துவிட்டதும் ஆண்கள் சாதாரணமாக ‘ஆம்’ என்று டிக் செய்தார்கள். டேவிட் லிசாக்கும் பால் மில்லரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் பாஸ்டன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் 1,882 ஆண்களில் 120 பேர், சட்டப்படி வல்லுறவோ அதற்கான முயற்சியோ ஆகும் செயலைச் செய்ததாக எழுதிக்கொடுத்தார்கள். அவர்களில் 76 பேர் ஒரு முறைக்கு மேல். இவர்களில் ஒருவர்மீதும் வழக்கு நடந்ததில்லை. திரும்பத் திரும்பச் செய்கிற சிலர்தான் கல்லூரிகளின் சிக்கல் என்று இந்த ஆய்விலிருந்து பலர் முடிவுகட்ட, 2015-இல் கெவின் ஸ்வார்ட்அவுட் குழு அது அவசரம் என்று காட்டியது. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டியதில்லை. பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்த அந்த 120 பேரும் எந்தச் சிறை ஆய்விலும் வரமாட்டார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

ஆசியாவில் இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஐ.நா. அமைப்புகளின் துணையோடு வங்கதேசம், சீனா, கம்போடியா, இந்தோனேசியா, பப்புவா நியூகினி, இலங்கை ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் கேட்டு 2013-இல் வெளியான ஆய்வு அது. இலங்கையில் கொழும்பு, ஹம்பாந்தோட்டை, நுவரெலியா, மட்டக்களப்பு மாவட்டங்களில் நடந்தது. ஆகவே சிங்கள, தமிழ், முஸ்லிம் ஆண்கள் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். அங்கே 14.5 சதவீத ஆண்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது வல்லுறவு செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 96.5 சதவீதத்தினருக்குச் சட்டரீதியாக ஒன்றுமே நேரவில்லை. ஆறு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஏன் செய்தீர்கள் என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன பதில், தனக்கு அந்த உரிமை உண்டு என்ற எண்ணம். 73 சதவீதத்தினர் அதைச் சொன்னார்கள். மது அதற்கு வெகு பின்னால்தான் வந்தது. செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதன்முறை செய்தது இருபது வயதுக்குள்.

இதையெல்லாம் வைத்துச் சிறை ஆய்வே குப்பை என்று தள்ளிவிடலாமா? கூடாது. பிடிபட்டவர்களைப் பிடிபட்டவர்களோடு ஒப்பிட்டால் சல்லடையின் பாதிப்பு ஓரளவு கழிந்துவிடும். ஸ்கல்லி 75 பேரைச் சேர்த்துக்கொண்டது அதனால்தான். டொராண்டோவின் ஜேம்ஸ் கேன்டர் 2005-இல் செய்த தொகுப்பாய்வு நல்ல உதாரணம். பாலியல் குற்றவாளிகளின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியைவிடக் குறைவு என்று பழைய ஆய்வுகள் சொல்லிவந்தன. மந்தமானவன்தான் மாட்டிக்கொள்கிறான் என்பது அதற்கான எளிய மறுப்பு. ஆனால் மற்றக் குற்றங்களில் மாட்டிக்கொண்டவர்களோடு வைத்துப் பார்த்தபோதும் வேறுபாடு முழுதாக மறையவில்லை. குறிப்பாக, பாதிக்கப்பட்ட குழந்தையின் வயது குறையக் குறைய, குற்றவாளிகளின் சராசரி மதிப்பெண்ணும் குறைந்தது. சல்லடை மட்டும் காரணமென்றால் அந்தப் படிக்கட்டு தோன்றியிருக்காது என்பது கேன்டரின் வாதம். எனக்கு அது வலுவானதாகவே படுகிறது. அதற்காக அதை ஓர் ஆளின் நெற்றியில் ஒட்ட முடியாது. ஒரு கூட்டத்தின் சராசரி நாலைந்து புள்ளி இறங்கியிருப்பதால் தனிமனிதர் எவரையும் அடையாளம் காண முடியாது. குழந்தைகள்மீதான ஈர்ப்பையும் இப்படியே பார்க்க வேண்டும். குழந்தைகளிடம் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்கள் எல்லாருக்கும் அந்த ஈர்ப்பு இருக்கும் என்று நினைக்கிறோம். மைக்கேல் செட்டோ திரட்டிய சான்றுகளின்படி ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உண்டு. மற்றவர்கள் வாய்ப்புக் கிடைத்ததால், தட்டிக்கேட்க ஆளில்லாததால் செய்தவர்கள்.

‘சின்ன வயதில் அவனுக்கும் இது நடந்திருக்கும்’ என்பது படித்தவர்களுக்குப் பிடித்த விளக்கம். சிறையில் கேட்டால் கணிசமானோர் ஆம் என்பார்கள். ஆனால் அப்படிச் சொல்வதில் கைதிக்கு ஆதாயம் உண்டு. கேத்தி ஸ்பாட்ஸ் விடோம் இதைத் தலைகீழாகத் திருப்பினார். குற்றவாளியிடமிருந்து பின்னோக்கிப் போகாமல், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானதாக நீதிமன்ற ஆவணங்கள் காட்டிய 908 குழந்தைகளையும், அவர்களுக்கு இணையாகத் தேர்ந்த 667 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் முன்னோக்கிப் பின்தொடர்ந்தார். 2015-இல் வந்த முடிவு: அடி உதைக்கு ஆளானவர்களும் கவனிப்பாரற்று விடப்பட்டவர்களும் பின்னாளில் பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்புக் கூடியிருந்தது, பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அத்தகைய கூடுதலுக்கு உறுதியான சான்று இல்லை. தனக்கு நேர்ந்ததையே திருப்பிச் செய்கிறான் என்ற சூத்திரம் பாதிக்கப்பட்ட பையன்கள்மேல் தேவையில்லாத சந்தேகத்தைச் சுமத்துகிறது. அதை நாம் கைவிடலாம்.

சிறை ஆய்வுகளின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு கனடாவின் கார்ல் ஹான்சனுடையது, எதிர்பாராததும் அதுதான். 2005-இல் அவரும் கெல்லி மார்ட்டன்-பூர்கோனும் 82 ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ முப்பதாயிரம் பாலியல் குற்றவாளிகளில் விடுதலைக்குப் பின் யார் மறுபடி மாட்டினார்கள் என்று பார்த்தார்கள். இரண்டு விஷயங்கள் முன்னறிவித்தன: பிறழ்ந்த பாலியல் ஈர்ப்பு, எந்த விதிக்கும் கட்டுப்படாத வாழ்க்கை. குற்றத்தை மறுப்பது, பாதிக்கப்பட்டவர்மேல் இரக்கம் இல்லாதது, சிகிச்சையில் அக்கறையில்லாதது ஆகியவற்றுக்கும் மீண்டும் குற்றம் செய்வதற்கும் சொல்லத் தக்க தொடர்பு இல்லை. நீதிமன்றக் கூண்டில் நிற்பவன் கண்ணீர் விட்டானா, தலைகுனிந்தானா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். பரோல் குழுக்களும் பார்க்கின்றன. அந்தக் கண்ணீருக்கு எதிர்காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. விடுதலைக்காகக் காத்திருப்பவன் இரக்கத்தை நடிப்பான். நடிப்பை அளந்தால் தொடர்பு எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். ஆனால் இரக்கத்தை நம்பகமாக அளக்க முடியாது என்பது உண்மையானால், அதை வளர்ப்பதற்கென்றே திட்டம் போடுவதற்கும் அடிப்படை இல்லாமல் போகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 1992 முதல் அப்படிப்பட்ட ஒரு குழுச் சிகிச்சைத் திட்டம் நடந்தது. கைதிகள் வட்டமாக உட்கார்ந்து செய்த குற்றத்தை விவரித்துப் பொறுப்பேற்பதும், பாதிக்கப்பட்டவரின் நிலையில் தங்களை வைத்துப் பார்ப்பதும் அதன் முக்கியப் பகுதிகள். 2017-இல் நீதி அமைச்சகம் கணக்குப் பார்த்தது: சிகிச்சை பெற்ற 2,562 பேர், பெறாத 13,219 பேர், சராசரியாக எட்டு ஆண்டுக்கு மேல் பின்தொடர்தல். பெறாதவர்களில் 8 சதவீதத்தினர் மீண்டும் பாலியல் குற்றம் செய்தார்கள். பெற்றவர்களில் 10 சதவீதத்தினர். திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. சிகிச்சை என்பதே வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. தெரீசா கேனனின் 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் சிகிச்சை பெற்றவர்களின் மீள்குற்ற விகிதம் 9.5 சதவீதம், பெறாதவர்களுடையது 14.1. தகுதி பெற்ற உளவியலாளர்கள் நேரடியாக நடத்திய இடங்களில் பலன் கூடுதல். கைதியின் குணத்தைப் பற்றி நாமாக வரைந்துகொண்ட படத்துக்குப் பொருத்தமாகக் கட்டிய சிகிச்சைதான் சரிந்தது.

எட்டு, பத்து, பதினான்கு என்ற இந்த எண்களே பலருக்கு நம்ப முடியாதவையாக இருக்கும். 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில், சிகிச்சை பெறாதவர்களின் மீள்குற்றம் 80 சதவீதம் வரை போகலாம் என்று எழுதியது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடியபோது, 1986-இல் ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகையில் சான்று எதுவும் காட்டாமல் எழுதப்பட்ட ஒரு வரியில் போய் முடிந்தது. ஹான்சன் தொகுப்பில் ஐந்தாறு ஆண்டுகளில் மறுபடி பாலியல் குற்றத்தில் மாட்டியவர்கள் 13.7 சதவீதம், எந்தக் குற்றமானாலும் என்று பார்த்தால் 36.2. உடனே ஒருவர் கேட்கலாம்: மாட்டியவர்கள்தானே 13.7? மாட்டாதவர்கள்? சரிதான். முதல் குற்றத்துக்குப் போட்ட சல்லடை வாதத்தை இரண்டாவது குற்றத்துக்கு மட்டும் நான் விலக்கிவைக்க முடியாது. உண்மையான விகிதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் சிறைக்குப் போய் வந்தவன்மேல் போலீஸின் கண் இருந்துகொண்டே இருக்கும்; அவன் நழுவுவது முதல்முறைக்காரன் நழுவுவதைவிடக் கடினம். 13-லிருந்து 80-க்குப் போக அந்த இடைவெளி போதாது.

கடைசியாக ஒரு கோபமான எதிர்ப்பு. சாதாரண ஆள்தான் என்று சொல்வது குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவதாகாதா? எதிர்மாறாகத்தான் நான் பார்க்கிறேன். கொடூரன் என்று சொன்னால் அவன் இயல்பு அப்படி, என்ன செய்வது என்ற விடுப்பும் கூடவே கிடைத்துவிடுகிறது. பித்துப் பிடிக்காத, தனக்கு உரிமை உண்டென்று கணக்குப் போட்ட ஆள் என்று சொன்னால்தான் பொறுப்பு முழுவதும் அவன் தலையில் நிற்கும். மேலும் அந்தப் பாஸ்டன் ஆய்வில் நூற்றுக்கு 94 பேர் அப்படி எதையும் செய்யவில்லை. அதே ஊர், அதே வயது, அதே பேச்சு. ஆகவே ‘ஆண் என்றால் இப்படித்தான்’ என்பதற்கும் ஆய்வில் இடமில்லை.

சல்லடைகளில் ஒன்றை மட்டும் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். மேலே குறிப்பிட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 82 சதவீதத்தினர், செய்தவர் என்று சொன்னது இப்போதைய கணவரை. இந்திய தண்டனைச் சட்டம் 1860-இலேயே கணவனுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும், மனைவிக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தால் அது வல்லுறவு ஆகாது என்ற விலக்கு அப்படியே இருக்கிறது. அந்தக் கணவர்களில் ஒருவரைக்கூட இந்தியச் சிறை எதிலும் வல்லுறவுக் கைதியாக எந்த உளவியலாளரும் சந்திக்கப்போவதில்லை.